மூன்று நிமிட மேடை: தங்கவயல் விளையாட்டு மன்றங்களுக்கு ஒரு திறந்த மடல்

தங்கவயல் விளையாட்டு மன்றங்களின் நிர்வாகிகளுக்கும், பயிற்சியாளர்களுக்கும், பரிசளிப்பு விழாக் குழுவினருக்கும்,

அறிவுசார் குறைபாடு உள்ள ஒரு வீரர் பதக்கம் வாங்கி ஊர் திரும்பினால் எடுக்கப்படும் விழா, எந்த ஊரானாலும் அநேகமாக ஒரே மாதிரிதான் நடக்கும். பெயரைக் கூப்பிடுவார்கள், அவர் படியேறுவார். சால்வை, மாலை, நினைவுப் பரிசு, போட்டோ. பிறகு சிறப்பு விருந்தினர் பேசுவார். அவருக்குப் பின் பயிற்சியாளர். கடைசியில் கண்கலங்கியபடி அம்மா. ஓடியவர் மட்டும் பேச மாட்டார். பேசச் சொன்னாலும், ‘எல்லாருக்கும் தேங்க்ஸ் சொல்லுப்பா’ என்று காதில் ஓதிவிட்டு, மைக்கை அவர் வாய்க்கு நேரே வேறொருவர் பிடித்துக்கொள்வார். முப்பது வயது ஆளை ‘இந்தக் குழந்தை’ என்று அறிவிப்பாளர் சொல்வார். சபையில் ஒருவருக்கும் அது உறுத்தாது. அவன், அவர் என்று ஒரு விகுதியிலேயே ஒருவரின் இடத்தைக் காட்டிவிடுகிற மொழி நம்முடையது. அந்த மொழியில் வளர்ந்த ஒருவரை வாழ்நாள் முழுக்கக் குழந்தையாகவே வைத்திருக்கிறோம், அதையும் பாசம் என்று நினைத்துக்கொண்டு. இந்த மடல் அந்த மைக்கைப் பற்றியது. இந்த வீரர்களை ஓடப் பழக்குவது எப்படிப் பயிற்சியாளரின் வேலையோ, அப்படியே பேசப் பழக்குவதும் அவருடைய வேலைதான். ஒன்றைச் செய்து மற்றதை விடுவது பாதி வேலை என்பதே நான் வைக்கும் வாதம்.

இதைச் சொல்லத் தங்கவயலைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. பங்காரப்பேட்டையிலிருந்து வரும் ரயில் பாதை மாரிகுப்பத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் தங்கச் சுரங்கம் விட்டுச்சென்ற சயனைடு மண்மலைகள். ஆனால் மேடைப் பேச்சுக்கு இது கடைக்கோடி ஊராக இருந்ததே இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்துக்குப் போன நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிகுப்பத்தில் கிளை இருந்தது. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ், 1914இல் அவர் மறைந்த பின்னர் ஜி. அப்பாதுரையாரின் ஆசிரியப் பொறுப்பில் தங்கவயலிலிருந்து மறுபடி வெளிவந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் பிழைக்க வந்து சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள், ஷிப்ட் முடிந்து மேலே வந்து கூட்டத்தில் நின்று கேட்டார்கள். பிறகு அவர்களே பேசினார்கள். 1930இல் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்றபோது வேலைநிறுத்தம் செய்ததும் அவர்கள்தான். 2001 பிப்ரவரி 28இல் பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்பட்டபோது, தங்களைப் பற்றிய முடிவு எங்கோ ஒரு மேஜையில் எடுக்கப்படுவது எப்படி இருக்கும் என்று லைன் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்துபோனது. ‘இவர்களுக்கு என்ன தெரியும், நாங்கள் பேசிக்கொள்கிறோம்’ என்கிற வாக்கியத்தின் ருசி உங்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. உங்கள் மேடையிலேயே இன்னொருவரிடம் அதே வாக்கியம் சொல்லப்படுகிறது என்பதைத்தான் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

பேசப் பழக்கலாம் என்பது என் கற்பனை அல்ல. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் இதைப் பல காலமாகச் செய்துவருகிறது. (பாராலிம்பிக்ஸ் வேறு, இது வேறு, நம் செய்தித்தாள்களே இரண்டையும் அடிக்கடி குழப்பிவிடுகின்றன.) யூனிஸ் கென்னடி ஷ்ரைவர் 1968 ஜூலை 20 அன்று சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் மைதானத்தில் தொடங்கிய இயக்கம் அது. முதலில் அதுவும் விளையாட்டோடு நின்றது; மேடையில் பேசியவர்கள் குடும்பத்தாரும் புரவலர்களும்தான். பிறகு வீரர்களுக்கே தலைமைப் பயிற்சி என்று ஒரு பிரிவு வந்தது. அதில் பேச்சுப் பயிற்சி பெறுகிறவர்களுக்குத் தூதர்கள் என்று பெயர். ஒவ்வொருவருக்கும் துணையாக ஒரு வழிகாட்டி. உலக அளவில் தேர்ந்தெடுக்கப்படும் 12 பேர் நான்காண்டு காலம் இயக்கத்தின் சார்பில் பேசுகிறார்கள். பென்சில்வேனியாவின் யார்க் நகரத்து ஓட்டக்காரர் லொரெட்டா கிளைபோர்ன் 1996இல் ஆர்தர் ஆஷ் துணிவு விருதைப் பெற்றவர். இன்று அந்த இயக்கத்தின் நிர்வாகக் குழுவில் பொறுப்பில் இருக்கிறார். டவுன் சிண்ட்ரோம் உள்ள ஃபிராங்க் ஸ்டீஃபன்ஸ், 2012இல் அமெரிக்க அதிபரைத் திட்டுவதற்குத் தன்னைப் போன்றவர்களைக் குறிக்கும் இழிசொல்லை எடுத்தாண்ட ஒரு பிரபல விமர்சகருக்குத் திறந்த மடல் எழுதினார். கோபப்படாமல், மரியாதை குறையாமல், அந்தச் சொல் எங்கே போய்க் குத்துகிறது என்று விளக்கிய மடல் அது. 2017 அக்டோபரில் அதே மனிதர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் உட்கார்ந்து, தன் வாழ்க்கை வாழத் தகுந்தது என்று சாட்சியம் சொன்னார். ஒரு மருத்துவரோ பெற்றோரோ அதே வாசகத்தைச் சொல்லியிருந்தால் அது ஒரு கருத்து. அவர் சொன்னபோது அது சான்று.

நம் பக்கம் வந்து பாருங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் உலகப் போட்டிகளில், 2019இல் அபுதாபியில் இந்திய அணிக்கு 368 பதக்கங்கள். 2023இல் பெர்லினில் 202, அதில் 76 தங்கம். எண்ணிக்கை பத்திரிகைகளில் வந்தது, பிரதமர் வாழ்த்தினார், நாமும் பகிர்ந்துகொண்டோம். வென்றவர்களில் யாராவது ஒருவர் பேசிய ஒரே ஒரு வாக்கியம் உங்களுக்கு நினைவிருக்கிறதா?

பயிற்சி என்றதும் பெரிய ஏற்பாடு என்று மலைக்க வேண்டாம். இதற்கு வேண்டிய நுட்பத்தில் முக்கால் பங்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் விதிப்படி குறைந்தது 8 வாரப் பயிற்சி இல்லாமல் யாரையும் போட்டிக்கு அனுப்ப முடியாது. குண்டு எறிதலைக் கற்றுக்கொடுப்பவர் அதைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறார்: நிற்பது, குண்டைக் கழுத்தோடு சேர்ப்பது, முழங்கால் மடக்குவது, தள்ளுவது. ஒவ்வொன்றும் பழகிய பிறகே அடுத்தது. ஆனால் அதே வீரரை மேடையில் பேச வைக்கும்போது விழா அன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு துண்டுச் சீட்டைக் கையில் கொடுக்கிறோம். அவர் திணறினால் ‘பாவம், வரலை’ என்கிறோம். எட்டு வாரம் ஓடாதவரை மைதானத்தில் இறக்கி, ‘பாவம், ஓட வரலை’ என்று சொல்லுவோமா? பேச்சையும் அதே போலப் பிரிக்கலாம். நான் யார், என்ன விளையாடுகிறேன், விளையாட்டு என் வாழ்க்கையில் எதை மாற்றியது, உங்களிடம் என்ன கேட்கிறேன். இந்த நான்கு போதும், மூன்று நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பலர் தாங்கள் வாய்விட்டுச் சொல்வதைவிட அதிகம் புரிந்துகொள்கிறார்கள் என்பதும், காதால் கேட்டதைவிடக் கண்ணால் பார்த்தது அவர்கள் மனதில் நன்றாகத் தங்குகிறது என்பதும் ஆய்வுகளில் நிலைபெற்ற விஷயம். ஆகவே எழுதிய தாளுக்குப் பதில் நான்கு போட்டோ அட்டைகள்: வீட்டு வாசல், ஸ்பைக் ஷூ, பதக்கம், வேலைக்குப் போக ஏற வேண்டிய ரயில். அட்டையைப் புரட்டினால் அடுத்த பகுதி நினைவுக்கு வந்துவிடும்.

மைக்குக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டும். தன் குரல் தனக்குப் பின்னாலிருக்கும் பெட்டியிலிருந்து பெரிதாக வந்தால் பழகாத யாரும் மிரள்வார்கள்; ‘கீச்’ என்று ஒரு சத்தம் எழும்பினால் சிலர் காதைப் பொத்திக்கொண்டு இறங்கியே விடுவார்கள். எனவே முதல் வாரம் பேச்சே கிடையாது. சவுண்ட் சர்வீஸ் ஆளிடம் சொல்லி காலி மண்டபத்தில் மைக்கைக் கையில் கொடுத்து, பெயரை மட்டும் சொல்ல விடுங்கள். தானே பிடிக்கட்டும்; மைக்கைப் பிடித்திருப்பவர்தான் எப்போது நிறுத்துவது என்று முடிவெடுப்பவர். இன்னொன்று, சபைக்கும் பயிற்சி வேண்டும். பேச்சாளர் அடுத்த சொல்லைத் தேடிச் சற்று நிற்பார். அவ்வளவுதான் பேச்சு என்று நினைத்துக் கூட்டம் கைதட்டிவிடும். அவரும் முடிந்துவிட்டதாக நினைத்து இறங்கிவிடுவார். அன்பான கைதட்டல் ஒரு மனிதரின் பாதிப் பேச்சை விழுங்குவது இப்படித்தான்.

மொழி பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் மேடைத் தமிழ் ஒரு பெரிய இடைஞ்சல். ‘பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும்’ என்று தொடங்கும் விளிப்புப் பட்டியலைச் சொல்லி முடிப்பதற்குள் ஒருவரின் மூன்று நிமிடமும் நினைவாற்றலும் தீர்ந்துபோகும். (மற்ற பேச்சாளர்களுக்கும் இதைத் தடை செய்தால் நாடு நன்றி சொல்லும்.) ‘எல்லாருக்கும் வணக்கம்’ போதும். அதன் பிறகு வீட்டில் பேசுகிற தங்கவயல் தமிழ், கன்னடமும் தெலுங்கும் உருதுவும் நடுவே வந்து போகிற அதே தமிழ். பெங்களூரில் நடக்கும் மாநில விழாவுக்குக் கன்னடம் வேண்டுமே என்பீர்கள். முதலில் தாய்மொழியில் சொல்ல வந்தது கைக்கு வரட்டும். கன்னடத்தில் ஒரு முகமனும் ஒரு நன்றியும் சேர்த்துக்கொண்டு, நடுவில் உள்ளதை ஒருவர் மொழிபெயர்க்கலாம். டில்லியிலிருந்து வரும் தலைவர்களுக்கு அருகில் ஒருவர் நின்று மொழிபெயர்ப்பதை நாம் குறையாக நினைப்பதில்லையே.

இனி ஆட்சேபங்களுக்கு வருகிறேன். ‘சொல்லிக்கொடுத்ததைக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிப்பார்கள், அதில் அவர்கள் கருத்து எங்கே?’ என்பது முதலாவது. இதில் உண்மை இருக்கிறது. 1981இல் அமெரிக்காவில் சீகல்மேனும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆய்வு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் ஆமாம்-இல்லை வகைக் கேள்விகளுக்கு ‘ஆமாம்’ என்றே சொல்ல முனைகிறார்கள், ஒன்றுக்கொன்று முரணான கேள்விகளுக்கும்கூட, என்று காட்டியது. அதிகாரம் உள்ளவர் கேட்டால் தலையாட்டிவிடுவது பாதுகாப்பு என்று அவர்கள் வாழ்க்கை கற்றுக்கொடுத்திருக்கிறது. ஆனால் இந்தச் சான்றை வைத்துப் பேச்சுப் பயிற்சி வேண்டாம் என்று முடிவுகட்ட முடியாது. எப்படிப் பயிற்ற வேண்டும் என்பதைத்தான் அது சொல்கிறது. ‘உனக்கு ஓட்டம் பிடிக்கும்தானே?’ என்று கேட்காதீர்கள். ஓட்டம், நீளம் தாண்டுதல் என்று இரண்டு படங்களை வைத்து ‘எது?’ என்று கேளுங்கள். மறுநாள் படங்களை இடம் மாற்றி வைத்துத் திரும்பக் கேளுங்கள். நீங்கள் எழுதிய வரி ஒன்றைக்கூட அவர் அடிக்கவில்லை, மாற்றவில்லை என்றால் அந்தப் பேச்சு இன்னும் அவருடையதாகவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரத்தில் அவர் கற்கும் முதல் சொல் ‘வேண்டாம்’ என்பதாக இருந்தால் பயிற்சி சரியாகப் போகிறது என்று பொருள். மற்றபடி, பிறர் எழுதிக்கொடுத்ததைப் படிப்பது குற்றம் என்றால் சட்டமன்றங்களில் பாதிப் பேர் வாய் திறக்க முடியாது.

‘மேடையேற்றிக் காட்சிப்பொருள் ஆக்குகிறீர்கள்’ என்பது அடுத்தது. இதை நான் இன்னும் தீவிரமாக எடுத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங், சக்கர நாற்காலியில் இருந்தவர், 2014இல் ஒரு மேடையில் இதையே கேட்டார்: உடல் நலமுள்ளவர்கள் தங்கள் வாழ்க்கை பரவாயில்லை என்று ஆறுதல் அடைய நாங்கள்தான் கிடைத்தோமா? நியாயமான கேள்வி. ஆனால் காட்சிப்பொருள் ஆக்குவது மேடை அல்ல, மேடையில் பேச விடாதது. சால்வையோடு மௌனமாக நிற்பவரைப் பார்த்து அழுதுவிட்டு வீட்டுக்குப் போகலாம். ‘பஸ்ஸில் என் பக்கத்திலிருந்து எழுந்து போகாதீங்க’ என்று அவர் சொல்லிவிட்டால் அப்படிப் போக முடியாது. மனநோய் குறித்த தப்பெண்ணத்தைக் குறைக்கும் வழிகளைப் பற்றி 14 நாடுகளில் நடந்த 72 ஆய்வுகளைத் திரட்டி 2012இல் கோரிகனும் சகாக்களும் வெளியிட்ட தொகுப்பு, பெரியவர்களின் மனத்தை மாற்றுவதில் பாடம் நடத்துவதைவிட அந்த அனுபவம் உள்ளவரை நேரில் சந்திப்பது கூடுதலாகப் பலன் தருகிறது, வீடியோவில் பார்ப்பதைவிடவும் நேரில் பார்ப்பது மேல் என்று கண்டது. மனநோய் வேறு, அறிவுசார் குறைபாடு வேறு. ஒன்றின் முடிவை அப்படியே மற்றதன் மேல் ஒட்ட முடியாது. வளரிளம் பருவத்தினரிடம் பாடமே கூடுதலாக வேலை செய்தது என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. ஆனாலும், துண்டறிக்கை அச்சடிக்கும் காசில் ஒரு மைக் வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைக்க அது போதிய காரணம்.

மூன்றாவது ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுமையான பதில் இல்லை. ஓரளவு பேசத் தெரிந்தவர்கள்தான் மேடைக்கு வருவார்கள். பேச்சே வராதவர்கள் அவர்களுக்குப் பின்னால் இன்னும் மறைந்துபோவார்கள் என்பது அது. நடக்கக்கூடியதுதான். கொஞ்சம் சரிசெய்ய வழிகள் உண்டு: படப் பலகையில் விரல் வைத்துக் காட்டுவதும், முன்கூட்டிப் பதிவு செய்த குரலைப் பொத்தானை அழுத்திக் கேட்கவைப்பதும் பேச்சுதான். இரண்டு பேர் ஜோடியாக நின்று ஒருவர் காட்டுவதை மற்றவர் சொல்லலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 12ஆம் பிரிவில், நீதிமன்றத்தில் ஒருவர் தாம் விரும்பும் மொழியிலும் தகவல்தொடர்பு முறையிலும் சாட்சியம் சொல்வதைப் பதிய வசதி செய்ய வேண்டும் என்கிறது. கோர்ட்டுக்கே அது கட்டாயம் என்றால் பரிசளிப்பு விழாவுக்கு என்ன தடை? இருந்தும், மேடையே பிடிக்காதவர்கள் இருப்பார்கள். அவர்களை விட்டுவிட வேண்டும்.

கடைசியாக, சாப்பாட்டுக் கேள்வி. சுரங்கம் மூடிய ஊரில், விடிவதற்கு முன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிற ஊரில், ஓய்வூதியமும் வேலையும் கேட்பதை விட்டுப் பேச்சுப் போட்டியா என்று கேட்பீர்கள். கேட்பதற்கே பேச்சு வேண்டும் என்பதுதான் பதில். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் சுமார் 15 லட்சம் பேர். அவர்களுக்காக எடுக்கப்படும் முடிவுகளில் பெரும்பாலானவை அவர்களைக் கேட்காமல் எடுக்கப்படுபவை. சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த, அறிவுசார் குறைபாடு உள்ள பெண்ணின் கருவைக் கலைக்க உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தையைப் பெற்றுக்கொள்ளவே விரும்புகிறேன் என்று அவர் சொன்னதை மதித்து 2009இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. 2021இல் பார்வையற்ற பெண் ஒருவருக்கு இழைக்கப்பட்ட வன்கொடுமை வழக்கில், குறைபாடு இருப்பதாலேயே ஒருவரின் சாட்சியம் மட்டமாகிவிடாது என்று அதே நீதிமன்றம் தெளிவாக்கியது. விளையாட்டிலும் இப்படி மற்றவர்கள் எடுத்த முடிவின் பாரம் அவர்கள் மேல் விழுந்தது. 2000 சிட்னி பாராலிம்பிக்ஸில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெயின் கூடைப்பந்து அணியின் 12 பேரில் 10 பேருக்குக் குறைபாடே இல்லை என்று பின்னர் தெரியவந்தது. ஏமாற்றியவர்கள் குறைபாடு இல்லாதவர்கள். ஆனால் 2012 லண்டன் வரை வாய்ப்பை இழந்தது அறிவுசார் குறைபாடு உள்ள எல்லா வீரர்களும். நடந்ததை முதலிலிருந்து வரிசையாக, அந்நியர் முன்னால், பயப்படாமல் சொல்லத் தெரிந்திருப்பது கோப்பைக்கு மட்டும் உதவுவதில்லை. வேலைக்கான நேர்காணலில், வார்டு ஆபீஸில், கண்டக்டரிடம், ஒரு மோசமான நாளில் போலீஸ் ஸ்டேஷனிலும்கூட, வேண்டியிருப்பது அதே மூன்று நிமிடம்தான்.

ஆகவே அடுத்த பரிசளிப்பு விழாவுக்கான நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன் இவற்றைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். ‘ஏற்புரை’ என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு நேரே வீரரின் பெயரை, அம்மா பெயரையோ பயிற்சியாளர் பெயரையோ அல்லாமல், போடுங்கள். எட்டு வாரத்துக்கு முன்பே அவரிடம் கேளுங்கள். ‘வேண்டாம்’ என்றால் வேறொருவரைக் கேளுங்கள். உங்கள் நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு அவரை ஒரு முறை கூப்பிட்டு மைதானத்தில் எது சரியில்லை என்று கேளுங்கள். ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் தன் கிளைகளின் நிர்வாகக் குழுக்களில் ஒரு வீரராவது இருக்க வேண்டும் என்று விதியே வைத்திருக்கிறது. அவர் சொல்வது உங்களைக் குறைகூறுவதாக இருக்கலாம். கழிப்பறை பூட்டிக் கிடக்கிறது, பயிற்சியாளர் கத்துகிறார், ஜெர்ஸி சைஸ் சரியில்லை என்பார். அதையும் மேடையில் சொல்ல விடுங்கள். அறிவிப்பாளரிடம் ‘அவர்’ என்றே சொல்லச் சொல்லுங்கள். மைக் ஸ்டாண்டை அவர் உயரத்துக்கு இறக்கி வையுங்கள். அவர் பேச்சின் நடுவில் சற்று நிற்கும்போது கூட்டத்தில் முதலில் கை தட்ட எழுபவர் நீங்களாகத்தான் இருப்பீர்கள்; நான்காவது அட்டையை அவர் புரட்டும் வரை கையை மடியிலேயே வைத்திருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் விழாக்களின் பின்வரிசைப் பார்வையாளர்
மாரிகுப்பம்